அறிவியல் கேள்வி பதில்: காந்தத்தின் மேல் மிதந்த கல்

கேள்வி: அறை வெப்பநிலையிலேயே மின்தடையின்றி மின்சாரம் பாயும் பொருளைத் தென்கொரியாவில் கண்டுபிடித்துவிட்டதாக 2023-இல் பரபரப்பாகப் பேசினார்கள். காந்தத்தின் மேல் ஒரு கருங்கல் துண்டு மிதக்கும் காணொளியை என் பேரனும் காட்டினான். பிறகு பேச்சையே காணோமே, ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: காணொளியை மறுபடி பார்த்தால், துண்டின் ஒரு முனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது தெரியும். எல்கே-99 என்னும் அப்பொருளின் மின்தடை ஏறத்தாழ 104 பாகை செல்சியஸில் திடீரென மாறுவதை அதை உருவாக்கியவர்கள் முக்கியச் சான்றாகக் காட்டினார்கள். ஆனால், தயாரிக்கும்போது கூடவே உண்டாகும் செப்பு சல்பைடு என்னும் கலப்படம் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அதனுடன் மின்தடையும் மாறுகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலுள்ள மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் கந்தகம் சேராமல் தூய படிகமாக வளர்த்துப் பார்த்தபோது, அது மின்சாரத்தைக் கடத்தாத, ஒளி ஊடுருவும் ஊதா நிறப் பொருளாக இருந்தது. ஜூலையில் எழுந்த பரபரப்பு ஆகஸ்டில் அடங்கியது.

மிதப்பது மட்டுமே சான்றாகாது. பென்சில் கரியின் இனமான கிராஃபைட்டின் மெல்லிய தகடும் வலுவான காந்தத்தின் மேல் மிதக்கும். மின்தடையின்றி மின்சாரம் பாயும் பொருளை மீக்கடத்தி என்பார்கள். இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த கரிய வில்லை உண்மையான மீக்கடத்தி; அதைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதன் மேல் நிற்கும் சிறு காந்தத்தை விரலால் தள்ளினாலும் பழைய இடத்துக்கே திரும்பும். வில்லையைக் கவிழ்த்தாலும் கீழே விழாமல் இடைவெளி விட்டுத் தொங்கும். வெப்பநிலை மைனஸ் 180 பாகையைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகும்.

அதே 2023 ஜூலையில் சீன ஆய்வாளர்கள், லாந்தனமும் நிக்கலும் கலந்த ஓர் ஆக்சைடு, உயர் அழுத்தத்தில் ஏறத்தாழ 80 கெல்வினில் (மைனஸ் 193 பாகை செல்சியஸ்) மீக்கடத்தி ஆவதாக அறிவித்தார்கள். செம்பு ஆக்சைடுகளுக்கு வெளியே இப்படியொரு குடும்பம் கிடைத்ததே என் கணக்கில் அந்த மாதத்தின் பெரிய செய்தி. மிதக்கும் காணொளி இல்லாததால் அது பொதுமக்களை எட்டவில்லை.

கேள்வி: நான் சில்லுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணியாளன். 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மீக்கடத்திச் சுற்றுகளுக்குக் கிடைத்ததாமே. அவற்றில் குவாண்டம் எங்கே இருக்கிறது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: ஜான் கிளார்க், மிஷேல் டெவரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகியோர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1984, 1985 ஆண்டுகளில் செய்த சோதனைகளுக்கே அப்பரிசு. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய மின்காப்புப் படலத்தை வைத்தால், இணை இணையாகச் சேர்ந்த எலக்ட்ரான்கள் மின்னழுத்தம் இன்றியே அதைக் கடந்துபோகின்றன. அத்தனை இணைகளும் ஒரே குவாண்டம் நிலையில் இருப்பதால், கோடிக்கணக்கானவை சேர்ந்தும் ஒரே துகளைப்போல் நடந்துகொள்கின்றன. மின்னழுத்தமற்ற அந்நிலையிலிருந்து வெளியேற ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமிலிருந்து மலைச்சாலை வழியாகப் பாலிக் பூலாவ் போகும் வண்டி ஏறித்தான் இறங்க வேண்டும். இந்தச் சுற்றோ ஏறாமலே தடையை ஊடுருவி மறுபக்கம் வந்துவிடுகிறது, அந்தக் கணத்தில் மின்னழுத்தம் தோன்றுகிறது. நுண்ணலையைச் செலுத்திப் பார்த்தபோது, அது குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே ஆற்றலை ஏற்றது. ஓர் அணு நடந்துகொள்ளும் முறை, கையில் எடுக்கக்கூடிய சுற்றில் அளவிடப்பட்டது.

தாங்கள் கையாளும் சிலிக்கான் குறைக்கடத்தி. அதிலும் குவாண்டம் விதிகளே ஆட்சி செய்கின்றன என்றாலும், அங்கே எலக்ட்ரான்கள் தனித்தனியாக மோதிச் சிதறுவதால் சில்லு சூடாகிறது. மீக்கடத்திக் குவாண்டம் கணினியின் சில்லும் சிலிக்கான் அல்லது நீலக்கல் தகட்டின் மேல் அலுமினியம் போன்ற உலோகத்தைப் படியவைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த வேலை தங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஆனால், இயக்குவதற்கு முன் அதை ஒரு கெல்வினில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வரை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 273 பாகை செல்சியஸுக்கு, குளிர்விக்க வேண்டும்.