ஏலக்காய்க் கடன்

அன்புள்ள ஐயா,

யூதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வதைமுகாம் திரைப்படங்களிலிருந்தும் அன்றாடச் செய்திகளிலிருந்தும் வந்தவைதான். இன்னும் கொஞ்சம் அறிந்துகொள்ளலாம் என்று இணையத்தில் உள்ள ஆவணத் தொகுப்புகளைத் திறந்தேன். கிழிந்த தாள்கள், கணக்குச் சீட்டுகள், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள். ஒரு சமூகத்தின் பண்பாட்டை அறிய அதன் பெரிய நூல்களை அல்லவா படிக்க வேண்டும்? இந்தத் துண்டுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வாசகர், திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

பெரிய நூல்களைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் நீங்கள் அலுத்துக்கொண்டு மூடிவைத்த துண்டுச்சீட்டுகளை அறிஞர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் ஒதுக்கினார்கள் என்பதால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளை அழிக்கக் கூடாது என்பது யூத மரபு. பயன் தீர்ந்த ஏடுகளை ‘கெனிசா’ என்ற அறையில் போட்டுவைத்து, பிறகு புதைப்பார்கள். இந்தக் கூடத்தில் மட்டும் பெரும்பாலானவற்றைப் புதைக்காமலே விட்டுவிட்டார்கள். அதோடு, புனித நூல் என்றில்லை, கைக்குக் கிடைத்த காகிதமெல்லாம் உள்ளே போனது: திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், குழந்தைகள் எழுத்துப் பழகிய ஏடு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது குவிந்துகொண்டே இருந்தது. எகிப்தின் வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது.

1896-இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கீழை நாடுகளிலிருந்து வாங்கிவந்த சில தாள்களைக் கேம்பிரிட்ஜில் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, எபிரேய மூலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட பென் சீரா என்ற பழைய அறநூலின் ஒரு தாள். ஷெக்டர் அந்த ஆண்டின் இறுதியிலேயே கெய்ரோ சென்று, 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவர் தேடியது நூல்களைத்தான். பயனற்றவை என்று ஓரங்கட்டப்பட்ட பெட்டிகள் 1950-களில்தான் மறுபடி திறக்கப்பட்டன. எஸ். டி. கோய்ட்டெயின் என்ற வரலாற்றாசிரியர் அந்தக் கடிதங்களையும் கணக்குகளையும் முதன்மையாக வைத்து, மத்தியதரைக்கடல் ஓரத்து யூதர்களின் அன்றாட வாழ்வை ஆறு தொகுதிகளாக எழுதினார். குடும்பம், வட்டி, வாடகை, நோய், உடை எல்லாம் அதில் உண்டு. அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதிய மக்கள் அவர்கள். இந்த ஒரு செய்தியே இன்றைய செய்தித்தாள் காட்டும் யூதரும் அரபியரும் எதிரெதிர் என்ற படத்தைக் கொஞ்சம் கலைத்துப்போடும்.

அந்தத் தாள்களில் வாழும் ஓர் ஆளைச் சொல்கிறேன். ஆபிரகாம் பென் யிஜு. இன்றைய துனீசியாவின் மஹ்தியா ஊர்க்காரர். 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் இருந்து வணிகம் செய்தவர். 1132 அக்டோபரில் அங்கே ஆஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஏமன் துறைமுகமான ஏடனிலிருந்த நண்பர்கள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, உருக்கிப் புதிதாகச் செய்து தரச் சொல்வார்கள். கூடவே சர்க்கரையும் உலர்திராட்சையும் காகிதமும் அனுப்புவார்கள். காகிதத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் வந்த கடிதத்தின் பின்புறத்திலேயே அவர் கணக்கு எழுதினார். ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிய உள்ளூர் ஆள் ஒருவர் சரக்கைத் தராமல் இழுத்தடித்தார். கூட்டாளி ஏடனிலிருந்து எழுதுகிறார்: அவரைச் சமூகவிலக்கு செய்வோம் என்று மிரட்டிப் பாருங்கள்! இந்து வணிகரை யூத சபையிலிருந்து எப்படி விலக்குவது என்று அந்த நல்ல மனிதர் யோசித்ததாகத் தெரியவில்லை.

(இதில் நம் ஊர் எங்கே வருகிறது என்று உடனே தேடாதீர்கள். மங்களூர் வருவதே பெரிய கொடை.)

சரி, பெரிய நூல்கள்? அவையும் இதே குவியலில்தான் இருந்தன. யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் அடித்துத் திருத்தி எழுதிய தன் கையெழுத்துப் படிகள் கெனிசாவில் கிடைத்தன. அவருடைய தம்பி டேவிட் செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து எழுதிய கடிதமும் கிடைத்தது. அவுரியைத் தவிர இங்கே வாங்க எதுவும் இல்லை, ஆகவே கடல் வழியாக இந்தியாவுக்குப் போகிறேன், வீட்டாரைத் தேற்றுங்கள் என்று எழுதுகிறார். டேவிட் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரது தத்துவத்தை அந்தத் தம்பியின் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் திரைப்படங்களில் பார்த்த காலத்துக்கும் வருகிறேன். 1940 நவம்பரில், போலந்தின் தலைநகர் வார்சாவின் யூதர்கள் சுவருக்குள் அடைக்கப்பட்ட நேரத்தில், இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் ‘ஒய்னெக் ஷாபெஸ்’ என்ற ரகசியக் குழுவைத் தொடங்கினார். இடைக்கால வார்சாவின் யூதர்களைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றவர் அவர். துண்டுச்சீட்டின் மதிப்பு அவருக்குத் தெரியும். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என்று குழுவினர் சேர்த்தார்கள். சுவரைத் தாண்டிப் பொருள் கடத்திய விதத்தையும், தங்கள் இனத்தவரே ஆன கெட்டோ (சுவருக்குள் அடைத்த யூதக் குடியிருப்பு) போலீசாரின் ஊழலையும் மறைக்காமல் பதிந்தார்கள். தியாகிகளின் படம் ஒன்றை விட்டுச்செல்வது அவர்கள் நோக்கம் அல்ல. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மூன்று பகுதிகளாகப் புதைத்தவற்றில் இரண்டு 1946-இலும் 1950-இலும் தோண்டியெடுக்கப்பட்டன. சுமார் 35,000 பக்கங்கள். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. குழுவில் இருந்த ஏறத்தாழ அறுபது பேரில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூவர். ரிங்கெல்ப்ளூம் 1944 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

யூத வரலாற்றுக்குள் சாவு வழியாக நுழைபவர்களுக்கு யூதர்கள் பலியானவர்களாக மட்டுமே தெரிகிறார்கள் என்பது என் மனக்குறை. இன்றைய செய்திகள் வழியாக நுழைந்தால் அதற்கு நேர்மாறான ஒற்றைப் படம். ஆகவே கேம்பிரிட்ஜ் நூலகத் தளத்தில் கெனிசாத் தாள்களின் படங்களைப் பாருங்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெனிசாத் தளத்தில் பல கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. பென் யிஜுவில் தொடங்கி, ஏலக்காய் விவகாரம் என்ன ஆனது என்று பாருங்கள். வார்சாவின் பெட்டிகளைப் பிறகு திறக்கலாம். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

அன்புடன்.