அடுப்படித் தபால்: வெள்ளைக்காரச் சம்பந்திக்கு என்ன சமைப்பது?

கேள்வி: மகள் லண்டனில் ஓர் ஆங்கிலேயப் பிள்ளையைக் கலியாணம் முடித்திருக்கிறாள். வாற மாதம் சம்பந்தி அம்மாவும் ஐயாவும் கொழும்புக்கு வருகிறார்கள். பத்து நாள் எங்கள் பிளாட்டில்தான் தங்கல். "வெள்ளைக்காரருக்குச் சமைக்கத் தெரியாது, பப்பிலே பொரித்ததையும் அவித்ததையும் தின்று வளர்ந்த ஆக்கள்" என்று என் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. உண்மையா? நான் என்ன சமைக்க?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா எத்தனை வெள்ளைக்காரர் வீட்டுக் குசினிக்குள் போயிருக்கிறா என்று முதலில் கேளுங்கள். நானும் ஒரு காலம் அப்படிச் சிரித்தவள்தான். 1986இல் லண்டன் டூட்டிங்கில் அண்ணா வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். போன முதல் கிழமையே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பப்புக்குக் கூட்டிப் போனார். மைக்ரோவேவில் சூடாக்கிய 'பை' (pie) ஒன்று வந்தது, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுவார்களே, அது. விளிம்பு நாக்கைச் சுட்டது, நடுவில் கரண்டி வைத்தால் ஐஸ் நெருநெருத்தது. பக்கத்தில் பட்டாணி, பச்சை மையில் முக்கி எடுத்த நிறம். அண்ணா வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் புட்டும் முதல் நாள் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு மேலால் எட்டி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. நான் நேரத்தோடு போய்க் குசினியில் நின்றேன். கிழங்கை அரை அவியல் அவித்து, தண்ணீரை வடித்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினா. கிழங்கின் விளிம்பெல்லாம் மாவாக உரிந்து நின்றது. அந்த மாத்தான் மொறுமொறுப்புக்குக் காரணமாம். பிறகு ஆட்டிறைச்சியில் வடிந்த கொழுப்பு கொதிக்கும் தட்டில் கொட்டி அவன் அடுப்புக்குள் தள்ளினா. யோர்க்‌ஷயர் புடிங்குக்கு, இறைச்சியோடு சாப்பிடுகிற உப்பிய மாப் பண்டம் அது, தராசே இல்லை. முட்டை ஒரு கோப்பை, பால் அதே கோப்பை, மா அதே கோப்பை. கொழுப்பு புகைய வேண்டும், மா விழும்போது "சுர்" என்று கத்த வேண்டும், இடையில் அடுப்புக் கதவைத் திறந்தால் அவ்வளவுதான், அமுங்கிவிடும். புதினாவைப் பொடியாக அரிந்து சீனியும் வினாகிரியும் விட்டு ஒரு சோஸ். எங்கள் புதினாச் சம்பலுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அந்த அம்மா கலியாணம் முடித்த புதிதில் யுத்தம். 1940 ஜனவரியில் பங்கீடு தொடங்கியது. போகப் போக ஆளுக்குக் கிழமைக்கு ஒரு முட்டை, இரண்டு அவுன்ஸ் பட்டர், அதாவது 57 கிராம். யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. யுத்தகாலத்தில் கூப்பன் இல்லாமல் கிடைத்த பாணுக்குக்கூட 1946இல் கூப்பன் வந்தது. இறைச்சிக்குக் கடைசியாக விடுதலை கிடைத்தது 1954 ஜூலையில். பதினான்கு வருஷம்! அந்தக் காலத்தில் குசினிக்குள் போன பெண்பிள்ளை என்னத்தைப் பழகியிருப்பாள்? முட்டைத்தூளில் கேக் செய்யப் பழகியிருப்பாள்.

எங்களுக்கு இது புதுக் கதையா? எழுபதுகளில் இறக்குமதி நின்றபோது என் அம்மா விடியப்புறம் பாண் கியூவில் நின்றவ. சங்கக்கடையில் கூப்பன் வெட்டி வாங்கிய அரிசியில் பாதி கல். மரவள்ளிக்கிழங்கு காலையிலும், இரவிலும். அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரன் வந்து சாப்பிட்டுவிட்டு, "இலங்கைத் தமிழருக்கு அவித்த கிழங்கைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருந்தால் உங்கள் அக்கா விட்டிருப்பாவா?

பப்பின் கதை வேறு. அது குடிக்கப் போகிற இடம். சாப்பாடு என்று கேட்டால் சிப்ஸ் பக்கெட், வினாகிரியில் ஊறின முட்டை, பன்றியிறைச்சிப் பை. பெரிய பியர் கம்பனிகளே ஆயிரக்கணக்கில் பப்புகளை வைத்திருந்தன, அவர்களுக்குப் பியர் விற்றால் போதும். 2,000க்கு மேல் வைத்திருந்த கம்பனிகளின் பிடியை அரசாங்கம் 1989இல் தளர்த்தியது. அதோடு சில பப்புகள் சமைக்கத் தெரிந்தவர்களின் கைக்கு வந்தன. 1991இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் 'ஈகிள்' என்ற பப் திறந்த பிறகுதான், நல்ல சாப்பாடு போடுகிற பப்புக்கு 'கேஸ்ட்ரோபப்' என்ற சொல்லே புழங்கியது. மார்லோவில் உள்ள 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' என்ற பப்புக்கு உணவகங்களுக்குத் தரம் போடுகிற மிஷெலின் கையேடு 2012 பதிப்பில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தது. பப் ஒன்றுக்கு அது முதல் தடவை. அதற்காக மைக்ரோவேவ் பப் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலி வீதியில் மத்தியானம் வாங்குகிற சோற்றுப் பார்சலும் அப்படித்தானே? பருப்புக்குள் பருப்பைத் தேட வேண்டும், மீன் துண்டு தாளில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வைத்து உங்கள் கைச் சமையலை யாரும் அளக்கக் கூடாது.

இனி, என்ன சமைப்பது? உறைப்பைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் வெறும் வெள்ளையாக்கி வைக்காதீர்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பத்துக்குச் சொதி, இவையே மெதுவானவை. யாழ்ப்பாணத் தூள் போட்ட கறி ஒன்று மேசையின் நடுவில் இருக்கட்டும், விருப்பமென்றால் எடுப்பார்கள். சம்பல் தனிக் கோப்பையில். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சம்பந்தி அம்மாவிடம் குசினியை விட்டுக்கொடுத்து, "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேக் போடுகிற அவன் அடுப்பு போதும். கிழங்கு உரிக்க அக்காவைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மான்செஸ்டரில் படித்துவிட்டு வந்திருக்கிறேன். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் நினைவாகவே இருக்கிறது. சொன்னால் அம்மா முகம் வாடுகிறது.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அம்மாவிடம் "அங்கே சாப்பிட்ட மாதிரி" என்று ஆரம்பிக்காதீர்கள். "மீன் பொரித்துத் தாங்கோ" என்று கேளுங்கள், மிச்சம் தானாக நடக்கும். கொட் மீனுக்குப் பதில் முள் எடுத்த கொடுவா அல்லது பாரை. ஈரத்தைத் துடைத்து, உப்புத் தடவி, கோதுமை மாவில் புரட்டுங்கள். பிறகு முக்கி எடுக்கிற மாக் கரைசலுக்குப் பியர் வேண்டாம், ஐஸ் போல் குளிர்ந்த சோடா போதும், கடைசி நிமிடத்தில் கரையுங்கள். சிப்ஸை, அதாவது தடியாக வெட்டிய கிழங்கை, இரண்டு தரம் பொரிக்க வேண்டும்: முதலில் மெல்லிய சூட்டில் வேகும்வரை, ஆறவிட்டு, பிறகு நல்ல சூட்டில் நிறம் வரும்வரை. யுத்தகாலத்தில் பங்கீட்டுக்குள் வராமல் தப்பிய சாப்பாடு இது, அவர்களுக்கு அதன் மேல் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. தென்னை வினாகிரி நன்றாகவே ஒத்துப்போகும். அம்மா பக்கத்தில் சம்பல் வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஷெப்பர்ட்ஸ் பை, காட்டேஜ் பை, இரண்டும் ஒன்றா?
- வாசகி, தெஹிவளை

பதில்: ஆட்டிறைச்சி என்றால் ஷெப்பர்ட்ஸ், மாட்டிறைச்சி என்றால் காட்டேஜ். ஞாயிறு மிஞ்சிய இறைச்சியைத் திங்கட்கிழமை அரைத்து, மேலே மசித்த கிழங்கு. அதையே உருட்டி ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தால் எங்கள் கட்லட்.

கேள்வி: ஒரு ஹோட்டலில் 'பிளௌமன்ஸ் லஞ்ச்' சாப்பிட்டேன். உழவர்களின் புராதன உணவு என்று அட்டையில் போட்டிருந்தது. பாணும் சீஸும் வெங்காயமும், விலையோ கொள்ளை.
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: பாணும் சீஸும் பழையதுதான். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1950களிலும் 60களிலும் சீஸ் விற்கப் பாடுபட்டவர்களின் விளம்பரம். வீட்டில் செய்யுங்கள். வினாகிரி வெங்காயத்துக்குப் பதில் மலே அச்சாறு வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன், ஒரு இறாத்தல் பாண் இருந்த இடம் தெரியவில்லை.