வாசகர் கேள்விகள்: மரவள்ளி மாவுப்பூச்சிக்குப் பெயர் எதற்கு?

கேள்வி: எங்கள் பகுதியில் மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியைப் பற்றி விளக்க வருபவர்கள் அதன் அறிவியல் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பூச்சியை ஒழிப்பதுதானே முக்கியம்? அது புதிய இனமா, பழைய இனமா என்ற ஆராய்ச்சியால் விவசாயிக்கு என்ன பயன்?
- ஒரு வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: உங்கள் வயலுக்கு வந்திருக்கும் அந்தப் பூச்சியின் வரலாறே இதற்கு நல்ல விடை. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில் மரவள்ளியின் நுனிக்குருத்துகள் சுருண்டு, கணுக்கள் குறுகி, கிழங்கு பிடிக்காமல் போகத் தொடங்கியது. அங்கிருந்து வந்த பூச்சிகளை ஆராய்ந்த பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டானியேல் மத்தீல்-ஃபெரேரோ, அதுவரை யாரும் விவரிக்காத இனம் அது என்று கண்டு, 1977இல் ஃபினாகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பயிர் என்பதால், பூச்சியின் தாயகமும் அதை அடக்கி வைக்கும் இயற்கை எதிரிகளும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைக்கவும் செய்தது. பார்வைக்கு ஏறக்குறைய அதே பூச்சி. ஆனால் அதிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகள், அதாவது அந்தப் பூச்சியின் உடலை உண்டு வளர்ந்து அதைக் கொல்லும் இயற்கை எதிரிகள், ஆப்பிரிக்கப் பூச்சியில் சரியாகப் பெருகவில்லை. ஆப்பிரிக்கப் பூச்சி இளஞ்சிவப்பு நிறம் கொண்டது, ஆணின் துணையின்றிப் பெண்களையே ஈனுவது. இதுவோ மஞ்சள் நிறம் கொண்டது, ஆணும் பெண்ணும் உள்ளது. காக்ஸ், வில்லியம்ஸ் என்ற இரு வகைப்பாட்டு அறிஞர்கள் இதை 1981இல் ஃபினாகாக்கஸ் ஹெர்ரெனி என்ற தனி இனமாக விவரித்தார்கள். தேடிய இடமே வேறு என்பது அப்போது உறுதியாயிற்று. அதே ஆண்டில் பூச்சியியல் அறிஞர் ஆந்தனி பெல்லாட்டி மேலும் தெற்கே, பராகுவே நாட்டில், உண்மையான மனிஹோட்டியைக் கண்டுபிடித்தார். அதன்மீது வாழ்ந்த அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை 1981இலேயே நைஜீரியாவில் விடத் தொடங்கினார்கள். அது ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பகுதிகளில் பரவிப் பூச்சியை அடக்கியது. இந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் இந்தப் பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. இனம் எது என்று தெளிவானவுடன் எதிரி எது என்பதும் தெளிவாகிவிட்டதால், பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து, 2022இல் சேலம் மாவட்டத்தில் விடுவிக்க முடிந்தது. மாவுப்பூச்சி என்ற பொதுப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எந்தக் குளவியைக் கேட்டு எந்த நாட்டுக்கு எழுதியிருப்பார்கள்?

கேள்வி: இரண்டு பூச்சிகள் ஒரே மாதிரி இருக்கும்போது, ஒன்று புதிய இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
- கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: தங்களுக்குள் கூடி இனம்பெருக்குபவை ஓர் இனம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். பெண்கள் மட்டுமே உள்ள மனிஹோட்டியிடம் அந்த இலக்கணம் செல்லுபடியாகாது. எனவே உடலமைப்பைத்தான் பார்த்தாக வேண்டும், அதுவும் முதிர்ந்த பெண் பூச்சியின் உடலமைப்பை. மெழுகுப் பூச்சை நீக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் உள்ளுறுப்புகளைக் கரைத்து, எஞ்சும் தோலுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடி ஸ்லைடில் பதிக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ், உணர்கொம்பின் கணுக்கள், கால்நகத்தின் உள்பக்கப் பல், மெழுகு சுரக்கும் துளைகள் எங்கெங்கே எத்தனை உள்ளன என்பன போன்றவற்றை எண்ணி வரைகிறார்கள். அந்தத் துளைகளில் மூன்று அறை கொண்டவை, ஐந்து அறை கொண்டவை, பல அறை கொண்டவை என்று வகைகள் உண்டு. இனத்துக்கு இனம் அவை அமைந்திருக்கும் இடமும் எண்ணிக்கையும் மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே இனத்தின் பூச்சிகள் கூட உணவுச் செடிக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப அளவில் வேறுபடும். ஆகவே ஒரே செடியில் எடுத்த இரண்டு மூன்று பூச்சிகளை வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அறிவிப்பதை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். இப்போது மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்து ஒப்பிடும் முறையும் துணைக்கு வந்துள்ளது. ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பதிவிலேயே பூச்சியின் பெயர் தவறாக இருந்தால் விடையும் தவறும். ஸ்லைடு வேலையை அது நீக்கிவிடவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கிடைக்கும் பூச்சி புதியது என்றால், எங்கள் ஊர்ப்பெயரை அதற்குச் சூட்டலாமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: தாராளமாகச் சூட்டலாம், ஆனால் விவரித்து வெளியிடும் ஆய்வாளர்தான் அதைச் சூட்ட வேண்டும். விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி, விளக்கம் முறையாக வெளியாக வேண்டும். அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரு மூல மாதிரியையும் குறிப்பிட வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரியை அதற்கென அரசு குறித்துள்ள காப்பகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். நீங்கள் செய்யக்கூடியது, பூச்சிகள் பலவற்றைச் சாராயக் கரைசலில் இட்டு, ஊர், நாள், செடியின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் அதே குப்பிக்குள் போட்டு அனுப்புவதுதான். செடியின் பெயர் தெரியாவிட்டால் பூவோடு கூடிய ஒரு கிளையைத் தாளில் அழுத்தி உலர்த்திச் சேர்த்து அனுப்புங்கள்.