தோளைத் தட்டினாரா, என்னைத் தட்டினாரா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘மை அங்கிள் பேட்டட் மீ ஆன் மை ஷோல்டர்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை இரண்டாவது ‘மை’யை அடித்துவிட்டு ‘தி’ என்று எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில் ‘ஐ வாஷ்ட் தி ஃபேஸ்’ என்று வந்த இடத்தில் ‘தி’யை அடித்துவிட்டு ‘மை’ என்று எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் மதிப்பெண் குறைந்துவிட்டது. தோளும் அவளுடையதுதான், முகமும் அவளுடையதுதான். காரணம் கேட்டதற்கு, அப்படித்தான் வரும், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லிவிட்டார்களாம். தமிழ் வழியில் படித்த எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியை செய்த இரண்டு திருத்தங்களும் சரியானவையே. ஒழுங்கும் உண்டு. அதைத் தமிழ் இலக்கணத்தின் வழியாகவே உங்கள் மகளுக்கு விளக்கிவிட முடியும் என்பதால்தான் இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒருவர் தோளில் இன்னொருவர் தட்டும்போது தட்டுப்படுவது தோளா, ஆளா? இரண்டும்தான். ஆங்கிலம் இதில் எதை வேண்டுமானாலும் செயப்படுபொருளாக வைத்துக்கொள்ளும். தோளை வைத்தால் ‘ஹி பேட்டட் மை ஷோல்டர்’ என்று வரும்; அது யாருடைய தோள் என்று சொல்ல ‘மை’ கட்டாயம் வேண்டும். ஆளை வைத்தால் ‘ஹி பேட்டட் மீ’ என்று தொடங்கி, எந்த இடத்தில் என்பதை ‘ஆன் தி ஷோல்டர்’ என்று பின்னால் சேர்க்க வேண்டும். இங்கே தோளுக்கு உரியவர் யார் என்பதை ‘மீ’ முன்னதாகவே சொல்லிவிட்டதால், மறுபடியும் ‘மை’ சொல்வது உடையவரை இரண்டு முறை சொல்வதாகும். அதனால்தான் அங்கே ‘தி’ வந்து உட்காருகிறது.

இது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலில், முதலும் சினையும், அதாவது முழுப்பொருளும் அதன் உறுப்பும், ஒரே வாக்கியத்தில் வரும்போது எதற்கு எந்த உருபு வரும் என்று விதி செய்யப்பட்டிருக்கிறது. முதலுக்கு ‘அது’ உருபு வந்தால் சினைக்கு ‘ஐ’ வரும். முதலுக்கு ‘ஐ’ வந்தால் சினைக்குக் ‘கண்’, அதாவது இன்று நாம் ‘இல்’ என்று சொல்லும் இட உருபு, வரும். உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டு ‘யானையது கோட்டைக் குறைத்தான்’, ‘யானையைக் கோட்டின்கண் குறைத்தான்’ என்பது. கோடு என்றால் தந்தம், குறைத்தான் என்றால் வெட்டினான். முதல் வாக்கியத்தின் இடத்தில் ‘மை ஷோல்டர்’ என்பதையும், இரண்டாவதன் இடத்தில் ‘மீ ஆன் தி ஷோல்டர்’ என்பதையும் வைத்துப் பாருங்கள். உடைமை உருபும் ‘ஐ’ உருபும் இடம் மாறிக்கொள்ளும் விதம் அப்படியே பொருந்தும். ஆறாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை என்று தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு, ஆங்கில வகுப்பில் இதை மனப்பாடம் செய் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இரண்டு வகுப்புகளுக்கும் இடையில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதை யாரேனும் காட்டினால் போதும்.

ஆனால் ஒப்புமை முழுமையானதல்ல. தொல்காப்பியர் ‘முதல்’, ‘சினை’ என்ற உறவைப் பார்த்து விதி சொன்னார். ஆங்கிலத்தில் வினைச்சொல்லையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டை ‘ஹிட்’, ‘பிரேக்’ என்ற இரண்டு வினைகளை வைத்து விளக்கினார். ‘ஹி ஹிட் மை லெக்’ என்றும் சொல்லலாம், ‘ஹி ஹிட் மீ ஆன் தி லெக்’ என்றும் சொல்லலாம். ‘ஹி புரோக் மை லெக்’ என்று சொல்லலாம். ‘ஹி புரோக் மீ ஆன் தி லெக்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். ‘ஹிட்’ என்பது ஒன்று இன்னொன்றின்மேல் பட்டதைச் சொல்லும் வினை. காலில் பட்டது ஆளின்மேலும் பட்டதுதான். ‘பிரேக்’ என்பது ஒரு பொருளின் நிலை மாறியதைச் சொல்லும் வினை; முறிந்தது கால், ஆள் முறியவில்லை. ஆகவே தொடுதல், தட்டுதல், பிடித்தல், முத்தமிடுதல், குத்துதல் ஆகியவை ‘ஹிட்’ பக்கம் நிற்கும்; முறித்தல், வளைத்தல் போன்றவை ‘பிரேக்’ பக்கம் நிற்கும். தமிழிலும் ‘என்னைக் காலில் அடித்தான்’ என்போம், ‘என்னைக் காலில் முறித்தான்’ என்று சொல்லமாட்டோம். யானைத் தந்தத்தை வெட்டியெடுத்ததைப் பழைய இலக்கணம் இரண்டு வகையிலும் சொல்ல இடம் கொடுத்தாலும், ஆங்கிலத்தில் அதற்கு யானையின் தந்தம் என்ற ஒரு வழிதான் உண்டு.

இப்போது முகம் கழுவியதற்கு வருவோம். அங்கே ஆள் தனியாகச் செயப்படுபொருளாக வரவில்லை. முகம் நேரடியாக வினையோடு சேர்கிறது. அப்படிச் சேரும்போது உடையவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஆங்கிலத்தின் வழக்கம். ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்’, ‘பிரஷ் யுவர் டீத்’, ‘ரெய்ஸ் யுவர் ஹேண்ட்’ எல்லாம் இந்த வகை. தமிழில் ‘முகம் கழுவினேன்’, ‘பல் துலக்கினேன்’ என்றால் யாருடைய பல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிரெஞ்சில்கூடக் கை கழுவுவதற்கு ‘என் கை’ என்று சொல்வதில்லை. ‘தி’ போன்ற சொல்லைத்தான் கைக்கு முன்னால் போடுவார்கள். ஆங்கிலம் இதில் பிடிவாதமான மொழி.

அந்தப் பிடிவாதம் மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழுக்குள் வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையான வருத்தம். பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புகளைச் செம்மைப்படுத்திவரும் நான் ‘அவன் தன்னுடைய கைகளைத் தன்னுடைய பாக்கெட்டுகளுக்குள் விட்டுக்கொண்டான்’ என்ற வகை வாக்கியங்களை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். ‘பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டான்’ என்பதுதான் தமிழ். ‘கொண்டான்’ என்ற துணைவினையே செயல் அவனிடமே திரும்புகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ செய்யும் வேலையைத் தமிழில் பல இடங்களில் ‘கொள்’ செய்கிறது என்று புரிந்துகொண்டவர் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆவதற்குப் பாதி வழி வந்துவிட்டார்.

அடுத்து மகள் கேட்கக்கூடிய கேள்வி, ‘ஆன்’, ‘இன்’, ‘பை’ மூன்றில் எது வரும் என்பது. பிடித்து இழுப்பது, அழைத்துச் செல்வது போன்றவற்றுக்குப் பிடி எங்கே இருக்கிறது என்பதைப் ‘பை’ காட்டும்: ‘ஹி டுக் மீ பை தி ஹேண்ட்’, ‘ஹி காட் ஹிம் பை தி காலர்’. சட்டைக் காலரையும் ஆங்கிலம் உடம்பின் பகுதியைப் போலவே நடத்துகிறது. நாமும் ஒருவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்பதாகத்தானே சொல்கிறோம். மேற்பரப்பில் படுவதற்குப் பெரும்பாலும் ‘ஆன்’, உள்ளே இறங்குவதற்கு ‘இன்’. இதை ஒரே உறுப்பை வைத்துக் காட்டலாம். தட்டிக்கொடுத்தால் ‘ஆன் தி பேக்’, கத்தியால் குத்தினால் ‘இன் தி பேக்’. தமிழில் இரண்டுமே முதுகில்தான். நம் ‘இல்’ இந்த வேறுபாட்டைக் காட்டாது, வினையே காட்டிவிடும். முகம், கண், வயிறு ஆகியவற்றுக்கு அடி மேலாகப் பட்டாலும் ‘இன்’ வருவது வழக்கம். ‘ஹிட் ஹிம் இன் தி ஃபேஸ்’ என்பார்கள். இதை மட்டும் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு அமைப்புகளும் எப்போதும் ஒரே பொருள் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஹி புல்ட் மை லெக்’ என்றால் என்னைக் கேலி செய்தார் என்று பொருள். ‘ஹி புல்ட் மீ பை தி லெக்’ என்றால் உண்மையாகவே காலைப் பிடித்து இழுத்தார். ‘ஷி லுக்ட் இன்டு ஹிஸ் ஐஸ்’ என்பதில் நெருக்கம் இருக்கிறது. ‘ஷி லுக்ட் ஹிம் இன் தி ஐ’ என்பதில் அச்சமோ கூச்சமோ இல்லாத நேர்மை இருக்கிறது. அங்கே கண் ஒருமையில் நிற்பதையும் கவனியுங்கள். உடைமைச் சொல் நீங்கி ஆள் முன்னால் வரும்போது, செயல் அந்த மனிதரை எப்படிச் சென்று சேர்ந்தது என்பதே முதன்மையாகிறது.

கடைசியாக மதிப்பெண் பற்றி. ‘ஆன் மை ஷோல்டர்’ என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சில நேரம் எழுதுவதுண்டு, பொருள் கெடவில்லை. நான் ஆசிரியராக இருந்தால் அதை அடிக்கோடிட்டு, ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதி, மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டிருப்பேன். ‘வாஷ்ட் தி ஃபேஸ்’ அப்படியல்ல. படிப்பவர் யாருடைய முகம் என்று தேடத் தொடங்கிவிடுவார். குழந்தையின் முகமா, சிலையின் முகமா என்று முந்தைய வரிக்குத் திரும்பிப் போவார். அதற்கு மதிப்பெண் குறைத்தது நியாயம்தான்.

அன்புடன்.