ஹலால் அறுப்பும் இன்றைய கறிக்கடையும்: கேள்வி பதில்

கேள்வி: பாய், பிஸ்மி சொல்லி அறுத்தாலே ஹலால்தானே? கோழி பண்ணையில் எப்படி வளர்ந்தால் நமக்கென்ன?

பதில்: அல்லாஹ்வின் பெயர் சொல்லி, கூரான கத்தியால் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் கழுத்து ரத்தக்குழாய்களும் அறுபட்டு ரத்தம் வடிந்தால் கறி ஹலால்தான், சாப்பிடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நபித்தோழர் ஷத்தாத் இப்னு அவ்ஸ் வழியாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி) எல்லாவற்றிலும் நல்ல முறையைக் கடமையாக்கிவிட்டு, அதற்கு உதாரணமாகவே கத்தியைத் தீட்டுவதையும் பிராணிக்கு நிம்மதி தருவதையும் சொல்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, தன் எடையைத் தானே தாங்க முடியாமல் கால் வளைந்துபோன பிராய்லர் கோழியைக் காலைக் கட்டி, வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் கொண்டுவந்து, கடைசி நொடியில் மட்டும் பிஸ்மி சொன்னால் அந்த ஹதீஸுக்கு என்ன மரியாதை? இதை நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: பிஸ்மி சொல்ல மறந்துவிட்டால்?

பதில்: மறதி என்றால் ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு சட்டப் பிரிவுகளிலும் (மத்ஹப்) கூடும், அதாவது சாப்பிடலாம். வேண்டுமென்றே விட்டால் ஹனஃபியில் ஹராம்.

கேள்வி: நியூசிலாந்தில் மயக்கம் கொடுத்து அறுக்கிறார்களாமே, அது கூடுமா?

பதில்: அங்கே ஆட்டின் தலையில் மட்டும் மின்சாரம் கொடுப்பார்கள். அறுக்காமல் விட்டால் ஆடு எழுந்து நடந்துவிடும், அதனால் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்கிறார்கள், எனக்கும் அதில் தயக்கமில்லை. கத்தி படும் முன்பே செத்துவிட்டால் அது செத்த பிராணி, குர்ஆன் 5:3 தடுத்தது. பெரிய ஆலைகளில் கோழியைத் தலைகீழாக மாட்டி, மின்சாரம் பாயும் தண்ணீரில் தலையை முக்கும் முறையில்தான் இந்த ஆபத்து அதிகம், மின்னோட்டம் கூடினால் அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: சார், நான் முஸ்லிம் இல்லை, கால்நடை மருத்துவம் படிக்கிறேன். மயக்கம் தராமல் அறுத்தால் வலியே இல்லை என்பது உண்மையா?

பதில்: அப்படி அடித்துச் சொல்வது தப்பு தம்பி. ஆட்டுக்குக் கழுத்தின் முன்பக்க ரத்தக்குழாய்கள் அறுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சட்டென்று குறையும், சில நொடிகளில் நினைவு போய்விடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டிப் போகும் குழாய்கள் வழியாகவும் மூளைக்கு ரத்தம் போவதால் நேரம் பிடிக்கும், சில மாடுகளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். மாட்டைக் கீழே தள்ளி மடக்குவதும் மொக்கைக் கத்தியும் தனிக் கொடுமை.

கேள்வி: பக்ரீத்துக்கு வரிசையாகக் கட்டிவைத்து அறுக்கலாமா அண்ணே?

பதில்: வேண்டாம். ஆட்டின் கண் முன்னே கத்தி தீட்டியவரை நபி (ஸல்) கண்டித்திருக்கிறார்கள். இந்தியாவின் 2001 அறுப்புக்கூட விதிகளும் மற்ற பிராணிகள் பார்க்க அறுக்கக் கூடாது என்கின்றன. ஒரு தார்ப்பாய் கட்டி மறைக்க எவ்வளவு ஆகிவிடும்?

கேள்வி: அப்போ கறியை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை, நானும் சாப்பிடுகிறேன். தினமும் மலிவாக வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் பண்ணைகள் இப்படி ஆயின. வாரத்தில் சில நாள் குறைத்து, மிச்சமாகும் காசில் வெளியே மேய்ந்த நாட்டுக்கோழியோ ஆடோ வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் யார் அறுத்தது, பிராணி எப்படி வந்தது என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் கூண்டில் அடைக்கும் கோழியைக் குறைப்பார்.