தீனி தின்னும், முட்டை இடாது: கழிக்க வேண்டிய கோழி எது?

கூண்டில் நாலு கோழி. முட்டை மூன்றுதான் உருண்டு வருகிறது. இடாதது எது?

ஒரு நாள் கணக்கு போதாது. நன்றாக இடும் கோழியும் இடையிடையே ஒரு நாள் விடும். ஒரு வாரம் எண்ணுங்கள். ஏழு நாளில் வர வேண்டிய 28-க்கு 21-ஐத் தாண்டவில்லை என்றால் நாலையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். இரவில் டார்ச்சோடு போனால் கோழி மிரளாது.

எச்சத்துவாரத்தின் இருபுறமும் கூராகத் தட்டுப்படுவது இடுப்பெலும்பு. இடுகிற கோழிக்கு அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் படுக்கையாக நுழையும். இடாததில் ஒரு விரலுக்கே இடமிருக்காது. இடுப்பெலும்பிலிருந்து நெஞ்செலும்பின் நுனி வரை மூன்று, நாலு விரல் இருந்து, வயிறு மெத்தென்று இருந்தால் இடுகிறது. துவாரமும் அகலமாக, ஈரமாக, வெளுத்திருக்கும். இடாததில் சுருங்கி உலர்ந்து கிடக்கும். ஆளுக்கு ஆள் விரல் தடிமன் மாறும். ஷெட் முழுக்க ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

கால் வெளுத்த கோழிதான் நல்ல கோழியா?

தீவனத்தில் மஞ்சள் மக்காச்சோளம் இருந்தால் மட்டும். குருணையை அதிகம் சேர்த்தால் எல்லாக் கோழிக்கும் கால் வெளுப்பாகவே இருக்கும். இந்தச் சோதனை பலிக்காது.

முட்டை இட இட தோலின் மஞ்சள் நிறம் முதலில் துவாரத்தில் மறையும். பிறகு கண் வளையம், அலகின் அடியிலிருந்து நுனி, கடைசியில் கால். கால் வெளுக்க நாலைந்து மாதம் ஆகும். இடுவதை நிறுத்தினால் மஞ்சள் அதே வரிசையில், இன்னும் வேகமாகத் திரும்பும். ஆக, கால் வெளுத்து, துவாரமும் அலகின் அடியும் மஞ்சளாக இருந்தால் அந்தக் கோழி நேற்று வரை நல்ல கோழி, இப்போதுதான் நிறுத்தியிருக்கிறது.

இறகு உதிர்க்கும் கோழியைக் கழிக்கலாமா?

சீக்கிரமே தொடங்கி, சிறகின் பெரிய இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்ப்பதைக் கழியுங்கள். தாமதமாகத் தொடங்கி, மூன்று நான்காகச் சேர்த்து உதிர்ப்பது விரைவில் இடத் திரும்பும்.

கொண்டை சிவப்பு, விரல் கணக்கும் சரி. முட்டை மட்டும் இல்லை!

குஞ்சுப் பருவத்தில் ஐ.பி. எனும் மூச்சுக்குழல் நோய் தாக்கி, கருக்குழல் (முட்டை உருவாகி வரும் குழாய்) கெட்டிருக்கலாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழும். சில கோழி வயிறு தொங்கி நிமிர்ந்து நிற்கும். இது தேறாது, தினம் 110 கிராம் வீதம் மாதம் 3.3 கிலோ தீவனம் வீண்.

ஷெட் முழுக்க முட்டை குறைந்துவிட்டது. எத்தனை கழிக்கலாம்?

ஒன்றையும் தொடாதீர்கள். முதலில் கோழி குடிக்கும் நிப்பிளில் தண்ணீர் வருகிறதா, பகலும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கிறதா, தீவன மூட்டை மாறியதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.