ஆடு குட்டி வீசினால்: வட சென்னை வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சினை ஆடு குட்டி வீசுவதை, அதாவது மாதம் நிறையும் முன்பே குட்டியைப் போட்டுவிடுவதைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்க வெள்ளாடு நாலரை மாசச் சினை. நல்லா தின்னுட்டு இருந்தது, விடியறதுக்குள்ள ரெண்டு குட்டியையும் செத்துப் போட்டுடுச்சு. திருஷ்டினு சொல்றாங்க. நஞ்சுக்கொடியைப் பையில கட்டி கால்வாய்ல போட்டுட்டேன். இன்னும் ரெண்டு ஆடு சினையா இருக்கு டாக்டர். (வாசகி, கொருக்குப்பேட்டை)

திருஷ்டி இல்லை அம்மா. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். தாய்க்கு ஒரு நோவும் தெரியாமல் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் குட்டி செத்து விழுந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது கிளமிடியா அபார்ட்டஸ் என்ற கிருமியைத்தான். அது நஞ்சுக்கொடியில் குடியேறி அதைப் புண்ணாக்கிவிடும். குட்டிக்குப் போக வேண்டிய ஊட்டம் நின்றுவிடும்.

நல்ல நஞ்சுக்கொடி மெல்லியது. அடியில் விரலை வைத்தால் விரல் தெரியும். இந்த நோய் கண்ட நஞ்சோ ஊறிய செருப்புத் தோல் போலத் தடித்திருக்கும். பொத்தான் பொத்தானாக இருக்கும் முடிச்சுகளுக்கு நடுவே அழுக்குச் சிவப்பில் சளி படிந்திருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. புருசெல்லா, டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிகள், கியூ காய்ச்சல் கிருமி, ஆட்டுக்கொல்லி நோய் எதனாலும் ஆடு குட்டி வீசலாம். எது என்று சொல்லும் சாட்சி அந்த நஞ்சுதான், அதைத்தான் நீங்கள் கால்வாயில் போட்டுவிட்டீர்கள். தெருநாய் அந்தப் பையைக் கிழித்தால் கோடிக்கணக்கான கிருமி தெருவுக்கு வந்துவிடும், அதை மோந்து பார்க்கும் அடுத்த வீட்டுச் சினை ஆட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இனி இப்படி நடந்தால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, நஞ்சையும் செத்த குட்டியையும் இரண்டு பைக்குள் கட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். போக முடியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்து கேளுங்கள். வீசிய ஆட்டைக் குறைந்தது மூன்று வாரம் தனியே கட்டுங்கள். அது நின்ற இடத்து வைக்கோலையும் தழையையும் எரித்துவிட்டு, தரையை ப்ளீச் கரைசலால் கழுவுங்கள்.

மற்ற இரண்டுக்கும், மருத்துவர் பார்த்துவிட்டு, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போடலாம். இழப்பு குறையும், ஆனால் கிருமி முழுதாகப் போகாது. ஏற்கெனவே கெட்டுப்போன நஞ்சை எந்த ஊசியும் சரி செய்யாது.

வீசின ஆட்டை வித்துடலாமா? (தண்டையார்பேட்டை)

வளர்ப்புக்கு விற்காதீர்கள். அடுத்தவர் பட்டிக்கு நோயை விலைக்குக் கொடுத்த மாதிரி ஆகும். ஒருமுறை வீசிய ஆடு பெரும்பாலும் இதே நோயால் மறுபடி வீசாது, எதிர்ப்பு சக்தி வந்துவிடும். ஆனால் அடுத்த ஈத்திலும் கிருமியை வெளியே விடலாம்.

இந்தக் கிருமி உடம்புக்குள் பதுங்கிக் கிடக்கும். இந்த ஈத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டால் அடுத்த சினையில்தான் வெளியே தெரியும். நோய் வந்த பட்டியில் பிறந்த பெண் குட்டிகூட முதல் சினையில் வீசலாம். தொழிலுக்கு வந்த புதிதில், பார்க்க வாட்டசாட்டமாக இருந்த ஒரு பெட்டை ஆட்டை, அது வந்த பட்டியைப் பற்றி விசாரிக்காமல், "நல்ல ஆடு, வாங்குங்கள்" என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அவருடைய ஆடுகள் ஒவ்வொன்றாக வீசின. அதிலிருந்து, ஆட்டைப் பார்க்கும் முன் அது வந்த பட்டியைத்தான் கேட்கிறேன்.

பொண்ணு ஏழு மாசம், பிரசவத்துக்கு வந்திருக்கா. வீட்ல ஆடு குட்டி போடப் போகுது. பக்கத்துல இருக்கலாமா? (திருவொற்றியூர்)

கூடவே கூடாது. இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். கர்ப்பிணிக்கு வந்தால் கடும் காய்ச்சல், ரத்தத்தில் நச்சு, கருச்சிதைவு வரை போய், தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆடு ஈனும்போது பக்கத்தில் நிற்பது, ஈரக் குட்டியைத் துடைப்பது, குட்டிக்குப் பால் புகட்டுவது, ஈத்து பார்த்தவரின் துணியைத் துவைப்பது எதுவும் வேண்டாம். முடிந்தால் அந்த இரண்டு மூன்று வாரம் ஆட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். ஈத்து பார்ப்பவர் கைகால் கழுவி, உடை மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரட்டும்.

பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி அரசு மருத்துவமனை என்று எங்கே போனாலும், "வீட்டில் ஆடு ஈன்றது, குட்டி வீசியது" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பசு ஏழாம் மாசத்துல கன்னு வீசுச்சு. இதுவும் கிளமிடியாவா? (மாதவரம்)

இருக்கலாம், ஆனால் பசுவில் முதல் சந்தேகம் புருசெல்லா என்ற கன்று வீச்சு நோய்தான். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்காதீர்கள்.

மாடில நாற்பது ரேஸ் புறா வச்சிருக்கேன். சிலதுக்குக் கண்ணுல தண்ணி, பச்சையா கழியுது. எனக்கும் வறட்டு இருமல். (வியாசர்பாடி)

தம்பி, முதலில் நீங்கள் ஒரு டாக்டரைப் பாருங்கள், புறா வளர்ப்பதைச் சொல்லுங்கள். ஆட்டுக்கு வரும் கிளமிடியாவின் உறவுக் கிருமியான கிளமிடியா சிட்டாசி கிளி, புறா இரண்டிலும் வரும். காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுத்தால் மனிதருக்குக் காய்ச்சல், தலைவலி, நிமோனியா வரை போகும். இது பறவையோடு நிற்பதும் இல்லை. 2014இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பெட்டைக் குதிரையின் நஞ்சுக்கொடியைத் தொட்ட கால்நடை மாணவர்கள் சிலருக்கு இதே கிருமியால் நோய் வந்தது.

கூண்டை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு சுரண்டுங்கள். புறாவுக்கு மருத்துவர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் 45 நாள்வரை போகலாம். அத்தனை நாளும் கிரிட் (புறாவுக்கு வைக்கும் கல்பொடி), சிப்பித்தூளை எடுத்துவிடுங்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் சேரவிடாது. பத்து நாளில் புறா துள்ளுகிறதென்று மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.